ஸ்னிஃபின் ஸ்டிக்ஸ் முழுப் பெட்டி: மூக்கை அளக்கும் 112 பேனாக்கள்

மனிதரின் முகர்வுத் திறனை ஆராயப் போகும் மாணவரோ, காது மூக்கு தொண்டைப் பிரிவில் வாசனை கிளினிக் தொடங்க நினைக்கும் மருத்துவரோ, முதலில் எந்தக் கருவியை வாங்கலாம் என்று கேட்டால் எங்கள் பதில், மணம் ஊறிய பேனாக்களால் முகர்வை அளக்கும் ஸ்னிஃபின் ஸ்டிக்ஸ் முழுப் பெட்டி. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு அதன் முதல் பகுதியில், மூக்கு பிடிக்கும் மிக மெலிந்த வாடையைத் தேடும் த்ரெஷோல்ட் சோதனையில் இருக்கிறது. நேரம் பிடிக்கிறதே என்று முதலில் கைவிடப்படுவதும் அதுதான். அந்தப் பகுதியை ஒழுங்காகச் செய்யும் எண்ணம் இல்லையென்றால் முழுப் பெட்டிக்குப் பணம் போட வேண்டாம். மணங்களை அடையாளம் காணும் 16 பேனா மட்டும் உள்ள சின்னப் பெட்டியே போதும்.

இந்தப் பேனாக்கள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கெர்ட் கோபலின் ஆய்வகத்தில் உருவானவை. முப்பகுதிச் சோதனையாக இவற்றை விவரிக்கும் கட்டுரை 1997இல் வந்தது. அதன் முதல் ஆசிரியர் தாமஸ் ஹும்மெல். பிறகு டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் வாசனை, சுவைக்கான கிளினிக்கை நடத்தியபடி இதே கருவியைப் பல்லாயிரம் மூக்குகளில் வைத்துப் பார்த்து அளவுகோலைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு விஞ்ஞானியின் ஆய்வு வாழ்க்கை முழுவதும் கூடவே வளர்ந்த கருவி என்பதால்தான் இதன் பின்னால் இவ்வளவு தரவு நிற்கிறது. தயாரிப்பது ஹாம்பர்க் அருகிலுள்ள பர்க்ஹார்ட் நிறுவனம்.

பெட்டியைத் திறந்தால் ஸ்கெட்ச் பேனா மாதிரி 112 பேனாக்கள். ஒவ்வொன்றும் சுமார் 14 செ.மீ. நீளம். மைக்குப் பதிலாக உள்ளே இருக்கும் பஞ்சில் 4 மி.லி. மணத் திரவம் ஊறியிருக்கும். த்ரெஷோல்டுக்கு 48, வேறுபடுத்தலுக்கு 48, அடையாளம் காண 16. மூடியைக் கழற்றி, இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நேரே சுமார் 2 செ.மீ. தள்ளி, 3 விநாடி காட்டிவிட்டு மூட வேண்டும். மூன்று பகுதிகளுக்கும் கை வேலை இது ஒன்றுதான்.

மூன்று பகுதிகளும் மூன்று வெவ்வேறு கேள்விகள். த்ரெஷோல்ட் என்பது எவ்வளவு மெலிந்த வாடை வரை மூக்கு பிடிக்கிறது என்பது. இதில் மூன்று மூன்று பேனாவாகக் காட்டுவோம். ஒன்றில் என்-பியூட்டனால் என்ற ஆல்கஹால், மற்ற இரண்டில் வெறும் கரைப்பான். எதில் வாடை என்று சொன்னால் போதும், பெயர் சொல்ல வேண்டாம். வேறுபடுத்தலில் மூன்றில் இரண்டு ஒரே மணம், ஒன்று வேறு. அந்த வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதல் மணத்தை மூன்றாவது வரும்வரை மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அடையாளம் காணலில் ஒரு பேனா, அட்டையில் நான்கு பெயர்கள். சரியானதைச் சுட்ட வேண்டும். அதற்கு மூக்கோடு ஞாபகமும் மொழியும் பழக்கமும் வேண்டும்.

மூக்கின் மேற்கூரையிலுள்ள மணத்தை உணரும் ஏற்பி நரம்பணுக்களின் இழைகள் எலும்புச் சல்லடை வழியாக மேலேறி முகர்குமிழை அடைகின்றன. அங்கிருந்து செய்தி மூளையின் இடைநிலையமான தாலமஸில் நிற்காமல் நேரே முகர்வுப் புறணிக்குப் போகிறது. லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991இல் அந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்து, 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரில் வேலை செய்யும் ஏற்பி வகைகள் சுமார் 400. மூக்கடைப்பும் சைனஸ் சதை வளர்ச்சியும் மணம் இந்த ஏற்பிகளை எட்டாமல் தடுக்கின்றன, அதனால் முதலில் அடிவாங்குவது த்ரெஷோல்ட். பார்க்கின்சன் நோயிலோ வேறுபடுத்தலும் அடையாளம் காணலும்தான் கூடுதலாகச் சரிகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் 16 மதிப்பெண். ஒருவர் த்ரெஷோல்ட், வேறுபடுத்தல், அடையாளம் காணல் என்ற வரிசையில் 2, 11, 12 என்று எடுத்து 25. இன்னொருவர் 8, 8, 9 என்று எடுத்து அதே 25. மொத்தத்தை மட்டும் எழுதி வைத்தால் இருவரும் ஒரே ஆள். பிரித்து எழுதினால் முதலாமவரின் மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்கத் தோன்றும். இரண்டாமவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பத் தோன்றும். இது நோய் நிர்ணயம் ஆகாது, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதற்கான குறிப்பு. அந்தக் குறிப்பைத் தருவதே முழுப் பெட்டி. அடையாளம் காணும் 16 பேனாவை மட்டும் வாங்கினால் அது கிடைக்காது.

இனி த்ரெஷோல்டைச் செய்யும் முறை. பேனா எண் 1தான் மிகக் கடுமையானது, 4 சதவீத பியூட்டனால். ஒவ்வொரு எண்ணுக்கும் அடர்த்தி பாதியாகக் குறைந்து 16ஆம் எண்ணில் சுமார் 0.00012 சதவீதத்துக்கு வந்துவிடும். அதிக எண் என்றால் கூர்மையான மூக்கு. புதிதாகச் செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது அடிக்கடி நடக்கும். வந்தவருக்குக் கண்கட்டு போட வேண்டும், ஏனென்றால் எது வாடைப் பேனா என்று காட்டும் நிறக்குறி பேனாவிலேயே இருக்கிறது. முதலில் 1ஆம் எண்ணைக் காட்டி, "இந்த வாடையைத்தான் தேடணும்" என்று பழக்கிவிட்டு, மெலிந்த முனையிலிருந்து ஏறத் தொடங்க வேண்டும். தொடக்கத்தில் 16, 14, 12 என்று இரண்டிரண்டாக நகரலாம். ஒரே எண்ணில் தொடர்ந்து இரண்டு முறை சரியாகச் சொன்னால் அது முதல் திருப்பம். அங்கிருந்து ஒவ்வொரு எண்ணாக மெலிந்த பக்கம் போக வேண்டும். தவறினால் அது அடுத்த திருப்பம். மறுபடி கடுமையான பக்கம். இப்படி ஏழு திருப்பம் வரும்வரை போய், கடைசி நான்கின் சராசரியை எடுக்க வேண்டும். திருப்பங்கள் 6, 8, 7, 9, 7, 8, 7 என்று அமைந்தால் கடைசி நான்கு 9, 7, 8, 7. சராசரி 7.75.

இரண்டு முறை சரி என்று ஏன் கேட்கிறோம்? மூன்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல வாய்ப்பு 3இல் 1. இரண்டு முறை தொடர்ந்து அப்படி அமைய 9இல் 1. "முதல் தடவையே சட்டென்று சொல்லிவிட்டாரே" என்று ஒரு தடவையோடு நகர்ந்துவிட்டால் எண் செயற்கையாக ஏறிவிடும். இதைவிடப் பெரிய தவறு அவசரம். ஒரு மூன்று பேனாக் கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 20 முதல் 30 விநாடி கட்டாயம் விட வேண்டும். முகர்வு சீக்கிரம் பழகி மங்கும் புலன். ஐந்து விநாடியில் அடுத்ததைக் காட்டினால் நாம் அளப்பது ஏற்கெனவே களைத்த மூக்கை. ஸ்டாப்வாட்ச் இல்லாமல் மனக்கணக்கில் எண்ணுகிறவர்கள் நேரம் ஆக ஆக வேகமாக எண்ணுகிறார்கள். மேசையில் ஒரு கடிகாரம் வைத்துவிட்டால் தீர்ந்தது.

"எதிலயும் ஒண்ணும் வரலையே" என்ற பதிலை ஏற்கக் கூடாது. வரவில்லை என்றாலும் மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சரியா தவறா என்று முகத்தில்கூடக் காட்டக் கூடாது. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்ற ஒரு சொல் போதும், வந்தவர் பதிலை மாற்றிவிடுவார்.

அறையைப் பற்றி இந்தப் பெட்டியோடு வரும் கையேடு சொல்வதைவிட நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டும். தேடும் மணமே ஒரு ஆல்கஹால். கைக்கு சானிடைசர் போட்டுக்கொண்டு பேனாவைப் பிடித்தால் அன்றைய த்ரெஷோல்ட் குப்பை. மணமற்ற சோப்பில் கை கழுவி, வாசனையில்லாத பருத்திக் கையுறை போட வேண்டும். பினாயில் போட்டுத் துடைத்த தரை, வரவேற்பறை ஊதுபத்தி, தலையில் மல்லிகை, சோதிப்பவரின் ஷர்ட்டில் டியோடரண்ட், எல்லாமே எண்ணைக் கீழே இழுக்கும். காற்றோட்டம் வேண்டும், ஆனால் மின்விசிறி நேராக முகத்தில் அடிக்கக் கூடாது, 2 செ.மீ. தூரத்தில் நிற்கும் மணத்தை அது கலைத்துவிடும். வருகிறவர் முந்தின ஒரு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல், புகைக்காமல், வெற்றிலை பாக்கு போடாமல் வந்தால் நல்லது. இதை அங்கே வந்தபின் கேட்டுப் பயனில்லை, தேதி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

த்ரெஷோல்டில்தான் முதலில் உட்கார வேண்டும், பிறகு வேறுபடுத்தல், கடைசியில் அடையாளம் காணல். கடைசிப் பகுதியின் பேனாக்கள் கடுமையானவை. அவற்றை முன்னால் காட்டினால் மெலிந்த பியூட்டனாலைத் தேடும் மூக்கு மிச்சம் இருக்காது. நேரம் கருதி வரிசையை மாற்றும் இடங்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

அடையாளம் காணும் பகுதிதான் தமிழ் பேசுவோரிடம் அதிகம் தடுமாறுவது, அதுவும் எதிர்பார்க்காத இடத்தில். பதினாறு மணங்கள்: ஆரஞ்சு, தோல், பட்டை, புதினா, வாழைப்பழம், எலுமிச்சை, அதிமதுரம், டர்பன்டைன், பூண்டு, காபி, ஆப்பிள், கிராம்பு, அன்னாசி, ரோஜா, அனிஸ், மீன். பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் நம் வீட்டுச் சாமான்கள்தான். அனிஸ் நமக்குத் தெரியாதே என்று கவலை வேண்டாம். அதன் மணத்துக்குக் காரணமான அனெத்தோல்தான் சோம்பிலும் இருக்கிறது, அட்டையில் சோம்பு என்று எழுதினால் சட்டெனப் பிடித்துவிடுவார்கள். அதிமதுரம் வேறு கதை. ஜெர்மானியருக்கு அது குழந்தைப் பருவ மிட்டாய். நமக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் வேர். பெயர் தெரியும், மணம் மனத்தில் இருக்காது.

பெரிய சிக்கல் தவறான விடைகளில் இருக்கிறது. பூண்டுக்கு எதிரே வெங்காயம், காரட் ஆகியவற்றோடு ஜெர்மானியரின் புளித்த முட்டைக்கோஸான சவர்க்ரௌட்டும் நிற்கிறது. மீனுக்கு எதிரே ரொட்டி, சீஸ், ஹாம். சவர்க்ரௌட் என்றால் என்னவென்றே தெரியாதவர் அதைத் தொடமாட்டார். நான்கில் ஒன்று மூன்றில் ஒன்றாகிவிடும், குருட்டாம்போக்கில் சரியாகும் வாய்ப்பு 25இலிருந்து 33 சதவீதமாக ஏறும். ஆக, தெரியாத மணம் மதிப்பெண்ணைக் குறைக்கிறது, தெரியாத தவறான விடை கூட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று விட்டுவிட முடியாது. அட்டையை வெறுமனே மொழிபெயர்த்துப் பயன்படுத்துவது இதனால்தான் போதாது. முகர்வு சீராக உள்ள உள்ளூர்க்காரர்களிடம் முதலில் ஓட்டி, எந்தப் பேனாவில் அதிகம் பேர் தவறுகிறார்கள் என்று பார்த்து, தவறான விடைகளை அவர்கள் அறிந்த பொருள்களாக மாற்றி, மறுபடி ஓட்டிய பிறகே நோயாளிகளிடம் போக வேண்டும். மாற்றும்போது சரியான விடைக்கு மிக நெருங்கிய மணத்தைச் சேர்க்கக் கூடாது. பட்டைக்கு எதிரே கரம் மசாலா என்று போட்டால் அதில் பட்டையும் இருக்கிறதே! அட்டையில் படமும் எழுத்தும் சேர்ந்து இருந்தால் முதியவர்களுக்கும் எழுத்துப் பழக்கம் குறைந்தவர்களுக்கும் உதவும். இந்தப் பகுதிக்குக் கண்கட்டு வேண்டாம்.

புதினாப் பேனாவைப் பற்றி ஒரு சொல். மென்தாலின் குளிர்ச்சியை உணர்த்துவது முகர்வு நரம்பு அல்ல, முகத்தில் தொடுதலையும் எரிச்சலையும் உணரும் முக்கிளை நரம்பு. வாசனையே தெரியாதவரும் அந்த ஜில்லிப்பை வைத்துப் புதினா என்று சொல்லிவிட முடியும். ஒருவர் எல்லாவற்றிலும் தவறி இதில் மட்டும் சரியாகச் சொன்னால் "கொஞ்சம் முகர்வு இருக்கிறது" என்று எழுத வேண்டாம்.

மூன்றையும் கூட்டினால் அதிகபட்சம் 48. 2019இல் 9,139 பேரின் தரவை வைத்து வெளியான அளவுகோலின்படி 30.75ம் அதற்கு மேலும் சீரான முகர்வு, 16.25 முதல் 30.5 வரை குறைந்த முகர்வு, 16ம் அதற்குக் கீழும் முகர்விழப்பு. 16 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒன்றுமே முகராதவருக்கும் குருட்டாம்போக்கில் அடையாளம் காணலில் சுமார் 4, வேறுபடுத்தலில் 5க்குச் சற்று மேல், த்ரெஷோல்டில் குறைந்தது 1 விழும். கூட்டினால் பத்தைத் தாண்டிவிடும். எனவே 12 எடுத்தவரிடம் கால்வாசி முகர்வு மிச்சம் என்று சொல்வது பொய். 30.75 என்ற கோடும் இருபதுகளில் உள்ளவர்களை வைத்துப் போட்டது. எழுபது வயதுக்காரர் அதற்குக் கீழே இருப்பது அவர் வயதுக்கு இயல்பாகவே இருக்கலாம், வயதுவாரி அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்தால் 5.5 புள்ளிக்குக் குறைந்த ஏற்றத்தை முன்னேற்றம் என்று கொண்டாட வேண்டாம். 1997 கட்டுரையிலேயே மறுசோதனை ஒப்புமை (அதே ஆட்களை மறுபடி சோதித்தால் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது; முழு ஒப்புக்கு 1) த்ரெஷோல்டுக்கு 0.61, வேறுபடுத்தலுக்கு 0.54, அடையாளம் காணலுக்கு 0.73 என்றுதான் இருக்கிறது. எங்கள் பார்வையில் இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை இது. வேறுபடுத்தல் எண்ணைத் தனியாக எடுத்து ஒருவரைப் பற்றித் தீர்ப்பு எழுத இது தாங்காது.

அமெரிக்காவின் யூப்சிட்டோடு ஒப்பிடாமல் முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி 1984இல் கொண்டுவந்த சோதனை அது. பத்துப் பக்கச் சிறு புத்தகம் நான்கு, மொத்தம் 40 மணங்கள். பென்சிலால் சுரண்டினால் நுண்குமிழ்கள் உடைந்து வாசனை வரும். உதவிக்கு ஆள் வேண்டாம், கால் மணி நேரத்தில் தானே செய்துவிடலாம். மறுசோதனை ஒப்புமை 0.9க்கு மேல், பேனாக்களைவிட மிக மேல். பொய்யாக முகர்வில்லை என்பவரைப் பிடிப்பதிலும் அதுவே சிறந்தது. குருட்டாம்போக்கில் 40க்கு 10 விழ வேண்டும்; பூஜ்யம் விழும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுதான். ஆகவே பூஜ்யம் எடுத்தவர் சரியான விடையைத் தெரிந்தே தவிர்த்திருக்கிறார். பேனாவின் 16 மணங்களில் அதே பூஜ்யம் நூறில் ஒருவருக்குத் தற்செயலாகவே வரும். இழப்பீட்டு வழக்குகளுக்குச் சான்று தருகிறவர்கள் யூப்சிட் வாங்குவதே முறை. ஆனால் அதில் ரூட் பீர், டில் ஊறுகாய், ஜிஞ்சர்பிரெட் என்று நாம் அறியாத மணங்கள் நிறைய, ஒருவருக்கு ஒரு தொகுப்பு என்று செலவாகிக்கொண்டே போகும். த்ரெஷோல்டும் அதில் கிடையாது.

பணம் சுத்தமாக இல்லாத ஆய்வகத்துக்கு ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உருவான பழைய முறையில் பியூட்டனாலை 4 சதவீதத்திலிருந்து மூன்றில் ஒன்றாக நீர்த்துப் பிழியும் பிளாஸ்டிக் புட்டிகளில் வைத்தே த்ரெஷோல்ட் பார்த்தார்கள். தூய பியூட்டனால், அயனி நீக்கிய தண்ணீர், மணமற்ற புட்டிகள், நல்ல பிப்பெட் போதும். நீர்த்த கரைசல்களை அடிக்கடி புதிதாகத் தயாரிக்க வேண்டும். தரவை 2019 அட்டவணையோடு ஒப்பிட முடியாது, ஆனால் மாணவருக்கு முறையைப் பழக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மூளை அலையையோ ஸ்கேனையோ நோக்கிப் போகிறவர்களுக்குப் பேனா போதாது. மூடியைத் திறந்த கணத்துக்கும் மணம் ஏற்பியைத் தொட்ட கணத்துக்கும் உள்ள இடைவெளியை யாரும் கட்டுப்படுத்த முடியாது. அதற்கு, நேரம் தவறாமல் மணத்தை மூக்குக்குள் செலுத்தும் கருவியான ஓல்ஃபாக்டோமீட்டர் வேண்டும். கோபல் வடிவமைத்த வகையில், 36 டிகிரி சூடும் 80 சதவீத ஈரமும் உள்ள காற்று நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர் மூக்குக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மணம் 20 மில்லி விநாடிக்குள் முழு அளவை எட்டும். காற்றின் தொடுதல் மாறாததால் மூளை அலையில் தெரிவது மணத்துக்கான பதில் மட்டுமே. அங்கேயும் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று முடிவு செய்யப் பேனாதான் முதல் சல்லடை.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டியவை. எல்லா மூடிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள், காலாவதித் தேதியையும் தொகுப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மூடியும் பேனாவும் மாறிப்போகாதபடி ஒரு நேரத்தில் ஒரு மூன்று பேனாக் கூட்டத்தை மட்டும் வெளியே எடுங்கள். வெயில் படாத, சூடேறாத அலமாரியில் வையுங்கள், மின்தடையில் ஏ.சி. நின்றுபோகும் அறை வேண்டாம். முதலில் கெட்டுப்போவது எது என்றால், வாடைப் பேனாவுக்குப் பக்கத்திலேயே கிடந்து மணம் ஏறிய வெற்றுப் பேனாக்கள். மாதம் ஒருமுறை, நல்ல மூக்குள்ள, பெட்டியோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு த்ரெஷோல்டின் 1 முதல் 4 வரை எண்ணுள்ள கூட்டங்களின் வெற்றுப் பேனாக்களை முகரச் சொல்லுங்கள். அவர் "இதுல லேசா ஏதோ வருதே" என்றால் அந்தக் கூட்டம் முழுவதையும் ஒதுக்கிவிட்டு மாற்றுப் பேனா வரும்வரை த்ரெஷோல்டை நிறுத்திவையுங்கள். மாற்றும் தேதியையும் தரவு ஏட்டிலேயே எழுதுங்கள்.